ஞானசேகரனின் சொந்தப் பாட்டு

பிரிசில்லா பாடுகிறவள் அல்ல, கேட்கிறவள். கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மத்தியானச் சாப்பாடும் ஆனதும் எங்கே யார் பாடுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். சில்வர் பீச்சில் கிடார் வைத்துக்கொண்டு உட்காரும் பையன்கள், திருப்பாதிரிப்புலியூர் டுடோரியல் ஹாலில் மாதம் ஒருமுறை நடக்கும் பாட்டுக் கூட்டம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சினிமாப் பாட்டு பாடுகிறவர்களிடம் அவள் நிற்கமாட்டாள். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடுகிறவன் ஒருத்தன் அகப்பட்டால் அந்த வாரம் முழுக்க அவனைப் பற்றியே பேசுவாள்.

அப்படிப்பட்ட ஒருவன் அவள் வீட்டிலேயே இருந்தான், தம்பி சார்லஸ். மொபைல் கடை வைத்திருந்தான், கிடார் வாசிப்பான். கெடிலம் ஆற்றைப் பற்றி அவன் ஒரு பாட்டு எழுதியிருந்தான். 'கெடிலத்துத் தண்ணியே, கடலுக்குப் போக என்ன அவசரம்' என்று ஆரம்பிக்கும். ஊருக்குள் வந்த பிறகுதான் அந்த ஆறு மெதுவாகிறது, அதுபோல நீயும் கொஞ்சம் நில்லேன் என்று ஒரு பெண்ணிடம் சொல்கிற பாட்டு.

2006இல் அவனைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனது பிரிசில்லாதான். அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில், ஞாயிறு சாயங்காலங்களில், தண்ணீர்த் தொட்டி நிழலில் முப்பது பேர் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்கள். மைக் கிடையாது. யார் வேண்டுமானாலும் பாடலாம், சொந்தப் பாட்டாக இருக்கவேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. சார்லஸ் அங்கே கெடிலம் பாட்டைப் பாடினான். பின்னால் நின்றிருந்த ஒருவர் முன்னே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். சிதம்பரத்தில் கல்யாணங்களுக்கு இன்னிசைக் குழு நடத்தும் ஞானசேகரன். இன்னொரு தரம் பாடச் சொல்லிக் கேட்டார். அவன் சந்தோஷமாகப் பாடினான்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பாட்டு சி.டி.யாக வந்தது. பாடல், இசை, குரல் எல்லாம் ஞானசேகரன் என்று அட்டையில் போட்டிருந்தது. சார்லஸ் சிதம்பரம் போய்க் கேட்டான். குழுக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போதே ஞானசேகரன் சிரித்துக்கொண்டு பதில் சொன்னாராம்.

"தம்பி, ஆத்தைப் பத்தி ஆயிரம் பேரு எழுதுறான். இது உன் பாட்டுன்னு சொல்ல ஒரு ஆள் இருக்கானா? இருந்தா கூட்டிக்கினு வா."

மாடியில் கேட்டவர்கள் எல்லாம் பெயர் தெரியாத மாணவர்கள், சொந்த அக்காவின் பேச்சும் எடுபடாது. சார்லஸ் திரும்பி வந்து கடையைத் திறந்து உட்கார்ந்தான். அதற்கப்புறம் கிடாரைத் தொடவில்லை. ஆனால் பாட்டு அவனை விடவில்லை. சி.டி. கடலூர் முழுக்கப் பரவவே, கடைக்கு வருகிறவர்கள் மெமரி கார்டை நீட்டி, "அந்த கெடிலம் பாட்டு ஏத்திக் குடுங்கண்ணே" என்று கேட்டார்கள். அவன் ஏற்றிக் கொடுத்தான். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோன பிரிசில்லா அதைப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் 'ஞானசேகரன்' என்ற பெயரை அழுத்தி, தம்பி தன் பாட்டைத் தானே இன்னொருவன் கார்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக் கூடையை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அந்த மனிதனை விடக்கூடாது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது.

அவள் மொட்டை மாடிக்குப் போவதை நிறுத்தவில்லை. முன்பு பாட்டுக்காகப் போனவள் இப்போது ஞானசேகரனைப் பார்க்கப் போனாள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது அவர் வருவார், பின்னால் நிற்பார், பிடித்த பாட்டு வந்தால் இன்னொரு தரம் கேட்பார். பாடுகிறவர்களைத்தான் அவர் பார்ப்பார். கேட்க வந்தவர்களை ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அதனால் சார்லஸின் அக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது.

2009இல் காயத்ரி என்ற பெண் வந்தாள். மங்கலம்பேட்டைக்காரி, விவசாயப் படிப்பு. பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டே பாடுவாள். ஹாஸ்டலில் தண்ணீர் வராததைப் பற்றி அவள் பாடிய பாட்டுக்கு மாடியே சிரித்தது. அடுத்து, கல்யாணமாகிப் போன தோழியைப் பற்றி ஒன்று பாடினாள். பிரிசில்லாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, எதற்காக வந்தோம் என்பதை மறந்து கேட்டாள். திரும்பிப் பார்த்தபோது ஞானசேகரன் முன்னே நகர்ந்துகொண்டிருந்தார். அந்தப் பாட்டும் மழைக்காலத்துக்குள் அவர் மேடையில் ஏறியது.

காயத்ரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "போவுது விடுங்கக்கா, பாட்டுதானே, நான் வேற எழுதிக்கிறேன்" என்றாள். அவளால் முடியும். சார்லஸால் முடியவில்லை. பிரிசில்லா முடிவு செய்தாள்.

அவள் அப்பா ராபர்ட் வாத்தியார் கடலூர் முதுநகர் கிறிஸ்தவ சபையில் பாட்டு நடத்தியவர். தன் தாய் இறந்தபோது அவர் ஒரு பாட்டு எழுதினார். அதிலிருந்து சபையில் யார் இறந்தாலும், பெட்டியை மூடும்போது எல்லோரும் எழுந்து நின்று அதைப் பாடுவது வழக்கமாகிவிட்டது. ராபர்ட் வாத்தியாரின் பெட்டியையும் அதைப் பாடித்தான் மூடினார்கள். வேறெங்கும் யாரும் அதைப் பாடுவதில்லை.

'கதவு திறந்திருக்கு, விளக்கும் எரியுது,
வா மகளே வா, வீடு வந்தாச்சு.
அழுத கண்ணைத் தொடச்சிக்க,
உன் பேரைச் சொல்லி ஒருத்தர் காத்திருக்காரு.'

தாய்க்காக எழுதியது என்பதால், ஆண் இறந்தாலும் 'மகளே' என்றுதான் பாடுவார்கள். கர்த்தர் பெயர் எங்கேயும் வரவில்லையே என்று அந்தக் காலத்துப் பாஸ்டர் குறைப்பட்டாராம். காத்திருக்கிறவர் யாரென்று நமக்குத் தெரியாதா என்று அப்பா சொல்லிவிட்டாராம். மெட்டும் ஒப்பாரி மாதிரி இருக்காது. தாலாட்டு மாதிரி ஆடிக்கொண்டே போகும். தெரியாதவர் கேட்டால், புகுந்த வீட்டுக்குப் போகிற பெண்ணுக்குப் பாடுவதாகத்தான் நினைப்பார்.

ஞானசேகரன் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிசில்லா எழுந்து முன்னே போய் நின்றாள். கேட்க மட்டுமே வருகிற அக்கா பாடப்போகிறாள் என்றதும் மாணவர்கள் கை தட்டினார்கள். தன் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. பாடி முடித்ததும் ஞானசேகரன் வந்தார்.

"ரொம்ப நல்லா இருந்ததும்மா. யாரு எழுதுனது?"

அம்மா வீட்டில் பாடுவாள், யார் எழுதியது என்று தெரியாது என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. இன்னொரு தரம் பாடச் சொன்னார். இரண்டாம் தடவை அவள் நிறுத்தி நிதானமாக, ஒரு சொல்லும் தவறிப்போகாதபடி பாடிக் கொடுத்தாள்.

சில மாதம் கழித்து, லேபில் கூட வேலை செய்கிறவளின் அண்ணனுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். அங்கே ஞானசேகரன் குழுதான். மணப்பெண்ணுக்குத் தன் சொந்தப் பாட்டு ஒன்று என்று சொல்லி, 'வா மகளே வா' பாடினார். கீபோர்டு, தபலா எல்லாம் சேர்ந்து அழகாகவே இருந்தது. கூட்டம் கை தட்டியது. பிரிசில்லாவும் தட்டினாள்.

அதற்கப்புறம் அவள் செய்ய வேண்டியிருந்தது காத்திருப்பது மட்டும்தான். 2010இல் சின்னம்மாள் அத்தை அவள் வீட்டுக்கு வந்தார். அடுத்த தெரு, ஒரே சபை. முந்தின வருஷம்தான் அத்தையின் வீட்டுக்காரர் இறந்திருந்தார். இப்போது மகளுக்குக் கல்யாணம் கூடி வந்திருந்தது.

"அவரு இல்லாத குறை தெரியக்கூடாதுன்னு பாக்குறேன். ரிசப்ஷனுக்குப் பாட்டு வெக்கலாம்ங்கறாங்க. கச்சேரி கச்சேரியாப் போறவ நீதான். எந்தக் குழு நல்லா இருக்கும், சொல்லு."

பிரிசில்லா காபி கலந்து எடுத்துவர உள்ளே போனாள். அத்தையின் கணவருடைய பெட்டியை மூடும்போது, இப்போது கல்யாணமாகப் போகிற அந்த மகள் பெட்டியின் விளிம்பை விடாமல் பிடித்திருந்ததும், பாட்டு முடியும்வரை நான்கு பேர் அவள் விரல்களைப் பிரித்ததும் நினைவுக்கு வந்தன. பால் பொங்கியது, அணைத்தாள். சபையார் அத்தனை பேரும் ஒரே ஹாலில் இருக்கும்படி இன்னொரு கல்யாணம் எப்போது வருமோ என்றும் நினைத்தாள். காபியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"சிதம்பரத்துல ஞானசேகரன்னு ஒருத்தரு இருக்காரு அத்தை. அவரையே கூப்பிடுங்க."

ரிசப்ஷன் சபைக்குப் பக்கத்து ஹாலில் சாயங்காலம் நடந்தது. சார்லஸ் கடையை விட்டு வரமுடியாதென்று வரவில்லை. யார் பாடுகிறார்கள் என்று பிரிசில்லா அவனிடம் சொல்லவும் இல்லை. நடுவரிசையில் உட்கார்ந்தாள். நான்கைந்து சினிமாப் பாட்டு முடிந்தது. பிறகு ஞானசேகரன் மைக்கை இழுத்துக்கொண்டு, மணமகளுக்காகத் தானே எழுதி இசையமைத்த பாட்டு என்று சொல்லி ஆரம்பித்தார்.

முதல் வரியிலேயே பேச்சுச் சத்தம் அடங்கியது. சாப்பாட்டுப் பக்கத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். இரண்டாம் வரியில் ஒரு கிழவர் எழுந்து நின்றார். பழக்கம்தான், அந்தப் பாட்டுக்கு அவர்கள் உட்கார்ந்ததே இல்லை. அவரைப் பார்த்து இன்னொருவர், அந்த வரிசை, அடுத்த வரிசை என்று சபையார் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் புரியாமல் சுற்றிப் பார்த்தார்கள். எழுந்து நின்று மரியாதை செய்கிறார்கள் என்று ஞானசேகரன் நினைத்துக்கொண்டார். கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, இன்னும் உருகிப் பாடினார்.

மேடையில் மணப்பெண்ணின் மாலை குலுங்கியது. "அப்பா" என்று அவள் சொன்னது மைக்கிலேயே கேட்டது. சின்னம்மாள் அத்தை மேடைப் படியில் அப்படியே உட்கார்ந்து, புதுப் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். அடைத்தும் அந்தச் சத்தம் வெளியே வந்தது. ஞானசேகரனின் முகம் எப்படி மாறும் என்பதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருந்த பிரிசில்லா, இந்தச் சத்தத்தை நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

சபை மூப்பர் சுப்பிரமணியன் மேடையேறிப் பாட்டை நிறுத்தச் சொன்னார். கோபப்படாமல்தான் கேட்டார்.

"இது யாரு பாட்டு தம்பி?"

"என் பாட்டுதாங்க, ஐயா. நானே எழுதுனது."

"இது எங்க ராபர்ட் வாத்தியார் பாட்டு. நாங்க பெட்டியை மூடறப்பப் பாடுறது. போன வருஷம் இந்தப் பொண்ணோட அப்பாவுக்குப் பாடுனோம். இங்க நிக்கறவங்க யாரை வேணா கேட்டுப் பாரு."

ஞானசேகரன் ஹாலைப் பார்த்தார். அத்தனை பேரும் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீபோர்டுக்காரன் அவரைக் கேட்காமலே வயரைப் பிடுங்கிச் சுற்ற ஆரம்பித்தான். மேடையை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் நின்றவர்களுக்கு நடுவே அவர் வாசல்வரை நடந்தபோது, பிரிசில்லாவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தை அவள் பிறகு எப்போதும் மறுத்ததில்லை.

யாரோ செல்போனில் எடுத்த வீடியோ ஊர் ஊராகப் பரவியது. கல்யாணத்தில் சாவுப் பாட்டு பாடியவர் என்று பெயர் விழுந்த பிறகு ஞானசேகரனை யாரும் கூப்பிடவில்லை. அந்த வருஷமே குழு கலைந்தது.

வீடியோ சார்லஸின் கடைக்கும் வந்தது. அவன் அதை இரண்டு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

"சபையார் எல்லாரும் நிக்கறாங்க. நீ மட்டும் ஒக்காந்திருக்கியே, ஏன்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சந்தோஷப்படுவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள்.

"எனக்காகப் பண்ணேன்னு யார்கிட்டயும் சொல்லாதே" என்றான். "அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்தியா நீ?"

அதற்கப்புறம் பல மாதம் அவன் அவளோடு பேசவில்லை. சின்னம்மாள் அத்தைக்கு விஷயம் தெரியாது. சபையில் யாராவது இறந்து அந்தப் பாட்டை ஆரம்பித்தால் அவர் மட்டும் வெளியே போய் நின்றுகொள்வார். பிரிசில்லா அப்போதெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வருத்தம் இருந்தது. ஆனால் ஞானசேகரன் வாசலுக்கு நடந்ததை நினைத்தால் அது கொஞ்சம் அடங்கும்.

2012இல் ஒரு ஞாயிறு, காயத்ரி பாடுவதைக் கேட்டுவிட்டுச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். கையில் காய்கறிப் பையோடு ஞானசேகரன் எதிரே வந்தார். மெலிந்திருந்தார். அவளை அடையாளம் தெரிந்து நின்றார்.

"நீங்க மாடியில பாடுனவங்கதானே? ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அது சாவுப் பாட்டுன்னு தெரிஞ்சுதான் பாடுனீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"ஏம்மா? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

இந்தக் கேள்விக்காக அவள் ஆறு வருஷம் காத்திருந்தாள்.

"நான் சார்லஸோட அக்கா" என்றாள்.

"எந்த சார்லஸ்?"

நடிக்கிறாரோ என்று உற்றுப் பார்த்தாள். நடிப்பு இல்லை. கெடிலம் பாட்டின் முதல் வரியைச் சொன்னாள். அவர் தலையாட்டினார். கண்ணில் கொஞ்சம் வெளிச்சம்கூட வந்தது.

"அது என் பாட்டாச்சே. நல்லாப் போன பாட்டு. அதுக்கென்ன?"

கடலூர் பஸ் வந்து நின்றது. ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். அவள் ஏறவில்லை. ஓய்ந்துவிட்டது என்று நினைத்திருந்த கோபம் முதல் நாள் இருந்தபடியே திரும்ப வந்தது.

"ஒக்காருங்க" என்று சிமெண்ட் பெஞ்சைக் காட்டினாள். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் உட்காராமல், சார்லஸை முதன்முதலாக அந்த மாடிக்கு அழைத்துப்போனதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். பஸ் கிளம்பிப் போயிற்று. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.