கர்ணன் வீட்டு வெள்ளைப் புகை

கர்ணன் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போய் வந்தவர்கள் யாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. புகையைப் பற்றித்தான் பேசினார்கள்.

கம்பத்தில் ஏலக்காய் வியாபாரமும், மலைமேல் வண்டன்மேட்டுப் பக்கம் மூன்று தோட்டமும் வைத்திருந்த கர்ணன், 2008-ஆம் வருஷம் கொச்சியிலிருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தார். வெள்ளி நிறம். இரண்டே பேர் உட்காரலாம். கூரையை மடக்கிப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். எஞ்சின் சீட்டுக்கு முதுகுப்பக்கம் இருக்கும். மகள் ஓவியாவை நிச்சயம் பண்ண வந்த தேனிச் சம்பந்தி, அதைக் கொஞ்சம் கிளப்பிக் காட்டுங்களேன் என்று ஆசைப்பட்டுக் கேட்டார். கர்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பின்பக்கக் குழாயிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பி, பந்தலுக்குள் நுழைந்து, சமையல்கட்டு வரை போனது. பட்டுச்சேலைக்காரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். சம்பந்தியின் அம்மாவுக்கு இருமல் நிற்கவே அரைமணி நேரம் ஆயிற்று.

நாலு நாளைக்கு முன்னால்தான் அந்தக் காருக்கு எஞ்சின் ஆயில் மாற்றியிருந்தது. மாற்றியவர் பிச்சைமணி. கர்ணனின் பதினொரு ஜீப்புகளையும் பதினாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக். ஏலக்காய் குடோனை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில்தான் அவருக்கு வேலை.

மறுநாள் காலையில் கர்ணன் நௌஷாத்துக்கு ஆள் அனுப்பினார். நௌஷாத்துக்கு ஊர் உத்தமபாளையம். சார்ஜாவில் ஒன்பது வருஷம், இந்த மாதிரிக் கார்களே வந்து போகிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்தவன். கம்பத்துக்கு வரும் வழியில் சொந்தமாக ஒரு ஒர்க்‌ஷாப் போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. இடம் பிடித்துக் கொடுத்ததே பிச்சைமணிதான். அவன் அவரை மாமா என்பான், அவர் அவனை மாப்ளே என்பார். அவர் மனைவி சோணையம்மாளை அவன் அக்கா என்று கூப்பிடுவான். ரம்ஜானுக்கு நௌஷாத் வீட்டிலிருந்து பிரியாணி போகும், பொங்கலுக்கு அவர்கள் வீட்டிலிருந்து கரும்பு வரும்.

நௌஷாத் காரின் பின் டிக்கியைத் திறந்தான். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, விட்டு, மறுபடி எடுத்தான். எண்ணெய் நடுவுக்கும் கீழே நின்றது. எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்து பார்த்தான். உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி மூடி வர மறுத்தது. அப்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சினுக்குள் எழும்புகிற ஆவியில் எண்ணெயைத் தனியாகப் பிரித்துக் கீழே அனுப்புகிற ஒரு பிளாஸ்டிக் சொம்பு உண்டு, ஆயில் செப்பரேட்டர் என்பார்கள். அதற்குள் இருக்கிற ரப்பர் சவ்வு கிழிந்தால் எண்ணெய் காற்றோடு சேர்ந்து எரிய ஆரம்பித்துவிடும். வயசாகிக் கிழிவது. யார் கை பட்டும் கிழிவதில்லை.

கர்ணன் பக்கத்தில் வந்து நின்றார். இன்னும் கோபம் தணியாத முகம். பிச்சைமணி கேட்டுக்கு அருகே, கூப்பிட்டால் வரலாம் என்கிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எண்ணெயக் கூடுதலா ஊத்தித் தொலைச்சுட்டானோ, பாய்?"

"அப்படியும் இருக்கலாம், முதலாளி."

திட்டம் போட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்த ஒரு நொடியில் பதினொரு ஜீப்பும் அவன் கண்முன் வரிசையாக வந்து நின்றது என்னவோ நிஜம். டிப்ஸ்டிக் அவன் கையில்தான் இருந்தது. அதைத் துணியால் துடைத்து உள்ளே செருகிவிட்டான். செப்பரேட்டரையும் மாற்றித்தான் ஆக வேண்டும், சார்ஜாவிலிருந்து வரவழைக்க வேண்டும், மூன்று வாரமாவது ஆகும் என்று மற்றதையெல்லாம் சரியாகவே சொன்னான். கர்ணன் காதில் முதலில் விழுந்ததுதான் தங்கியது. அன்று மத்தியானமே பிச்சைமணியை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் நாலு ஜீப் நௌஷாத்தின் ஒர்க்‌ஷாப்பில் வந்து நின்றது.

கம்பம் சின்ன ஊர். ஜீப் ஸ்டாண்டில் ஒருத்தன் தும்மினால் கூடலூரில் மருந்து வாங்குவார்கள். எண்ணெய் அளவு தெரியாத மெக்கானிக் என்று பிச்சைமணிக்குப் பேராகிவிட்டது. வெளி ஜீப்புகளும் அவரிடம் போவது நின்றது. தேவதானப்பட்டியில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. நௌஷாத் எதிரே போய் நிற்கப் பயந்து, அவர் வீடு இருக்கிற தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டான். அவன் மனைவி ரெஹானா, அக்கா வீட்டில் என்ன விசேஷம், ஆளையே காணோமே என்று இரண்டு தடவை கேட்டாள். வேலை ஜாஸ்தி என்று சொல்லி வைத்தான்.

இரண்டாவது வாரக் கடைசியில் சோணையம்மாளே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். ஓடைப்பட்டியில் திராட்சை பறிக்கப் போகிறாளாம், பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து அவன் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"ஒண்ணு கேக்கணும் தம்பி. நீங்க வெளிநாட்டுல இந்த வண்டியெல்லாம் பாத்தவுக. அவுக ஊத்துனது நெசமாவே கூடிப்போச்சா?"

அவன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைக்க ஆரம்பித்தான்.

"மொதல்ல இல்லவே இல்லன்னு சொன்னாக. இப்ப, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல போல, கோட்டத் தாண்டி ஊத்திருப்பேன், மாப்ள பொய் சொல்ல மாட்டான்னு சொல்றாக. லாரி வேலையிலயும் ஒவ்வொரு போல்ட்ட மூணு வாட்டி தொட்டுப் பாக்குறாகளாம். ஏன்டா இப்படி நடுங்குறன்னு அங்கன இருக்கவுக ஏசுறாக."

வண்டியை முழுசாகப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் அக்கா என்றான் நௌஷாத். அதுவும் பொய். அவள் தலையை ஆட்டிவிட்டு, பாத்துச் சொல்லுங்க என்று கிளம்பினாள். ஜீப்புகள் கைமாறியது, வேலை போனது எல்லாம் அவன் ஏற்கெனவே மனசுக்குள் ஏதேதோ சமாதானம் சொல்லி மூடி வைத்திருந்த விஷயங்கள். ஆனால் ஒரு மனிதன் தன் கண்ணையும் கையையும் நம்பாமல் போவதற்கு அவனிடம் சமாதானம் இல்லை. 

செப்பரேட்டர் வந்து சேர்ந்தது. சார்ஜாவிலிருந்து லீவில் வந்த ஒருத்தர் துணிமணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். நௌஷாத் காரை, அடியில் இறங்கி வேலை செய்கிற பள்ளத்தின் மேல் நிறுத்தி, கூரையைப் பாதியில் தூக்கி வைத்து, சீட்டுக்குப் பின்னால் இருந்த தகட்டைக் கழற்றினான். மேலிருந்து பாதி, கீழே பள்ளத்திலிருந்து பாதி என்று செய்கிற வேலை அது. கண்ணால் பார்க்க முடியாது, விரலால்தான் பார்க்க வேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கிற கூலண்ட் குழாய் இரண்டையும் கழற்றினான். கீழே மடிப்பு மடிப்பாக இருக்கிற ரப்பர் குழாயின் கிளாம்ப் மட்டும் பிடி கொடுக்கவே இல்லை. முழங்கை வரை தோல் உரிந்தது. மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது பழைய சொம்பு கையில் வந்தது. கவிழ்த்தால் எண்ணெய் வழிந்தது. அதன் வாயைப் பிளந்து பார்த்தான். சவ்வு ஓரத்தில் விரல் நுழைகிற அளவுக்குக் கிழிந்திருந்தது. தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் அதைத் தூக்கிப் போடாமல் ஒரு துணியில் சுற்றி எடுத்து வைத்தான்.

புதியதை மாட்டி, குழாய்களில் தேங்கியிருந்த எண்ணெயைத் துடைத்தெடுத்து, மறுநாள் கிளப்பினான். கொஞ்ச நேரம் பழைய எண்ணெய் எரிந்து புகைந்தது, அப்புறம் சுத்தமாக நின்றுவிட்டது. கர்ணனுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. நௌஷாத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வரை விரட்டினார். மலை ஏறுகிற இடத்தில் ஓரமாக நிறுத்தி, நல்லவேளை அந்த ஆளை அப்போதே அனுப்பினேன், இல்லையென்றால் எஞ்சினையே முடித்திருப்பான் என்றார்.

"அவர் மேல தப்பில்ல, முதலாளி. எண்ணெ கூடல. கொறஞ்சுதான் இருந்துச்சு."

கர்ணன் திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கே தெரியுமா உமக்கு?"

"தெரியும்."

அவர் வண்டியைக் கம்பம் பக்கம் திருப்பினார். என்னை ஒரு பாவத்தைச் செய்ய வச்சுட்டீரேய்யா என்று மட்டும் சொன்னார்.  மறுநாள் நாலு ஜீப்பும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து போய்விட்டன. ரெஹானாவிடம் நௌஷாத் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஏசவில்லை. அக்கா முகத்தில் இனி நான் எப்படி முழிப்பேன் என்று கேட்டாள். அது ஏசுவதைவிட மோசமாக இருந்தது.

அடுத்த நாள் பஸ் ஏறித் தேவதானப்பட்டிக்குப் போனான். பிச்சைமணி ஒரு லாரிக்கு அடியில் கிடந்தார். வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வா மாப்ளே என்றார். நௌஷாத் கொண்டுபோயிருந்த கிழிந்த செப்பரேட்டரைக் கொடுத்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சவ்வுக்குள் விரலை விட்டார். இது என்ன வேலை செய்யும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு கேட்டார்:

"டிப்ஸ்டிக்க எடுத்துப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

"எங்கன நின்னுச்சு?"

"நடுவுக்குக் கீழ."

"நான் மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழதான் விட்டேன். நாலு நாள்ல வண்டி குடிச்சிருக்கு." அவர் முகம் தெளிந்தது. வயசு குறைந்தது போல இருந்தது. "அப்ப நான் சரியாத்தான் ஊத்திருக்கேன்."

அதன் பிறகுதான் அவருக்கு மீதி உறைத்தது: மாப்ளே அன்றைக்கே பார்த்திருக்கிறான். நௌஷாத் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தெளிவு முகத்திலிருந்து இறங்கியது. கையில் இருந்ததை அவனிடம் திருப்பிக் கொடுத்தார். வேலை கிடக்கு என்று சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நௌஷாத் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். கீழேயிருந்து ஸ்பேனர் திருகுகிற சத்தம்தான் வந்தது.

திரும்பி வந்தவன் வீட்டுக்குப் போகாமல் நேரே கம்பம் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனான். பட்டப்பகலில், டிரைவர்கள் எல்லாரும் கூடி நிற்கையில், பிச்சைமணி மேல் தப்பில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று சொன்னான். யாரோ ஒருத்தர் காறித் துப்பினார். சுருளியாண்டி என்கிற வயசான டிரைவர் மட்டும், இதைச் சொல்ல ஒரு மாசமா என்றார்.

கர்ணன் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். பிச்சைமணி வரவில்லை. மூன்றாம் தடவை கர்ணனே நேரில் போன பிறகு, ஜீப்புகளை மட்டும் பார்க்கிறேன், அந்தக் காருக்கு ரிப்பேர் வேலை செய்யமாட்டேன் என்று சொல்லித் திரும்பினார். ஆக, காருக்கு ஏதாவது வந்தால் நௌஷாத்திடம்தான் வர வேண்டும். ஓட்டிக்கொண்டு வருவது பிச்சைமணி. சாவியைக் கொடுப்பார், கோளாறை இரண்டு வார்த்தையில் சொல்வார், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார். உள்ளே வந்து உட்காருங்க மாமா என்று நௌஷாத் இரண்டு முறை போய்க் கூப்பிட்டான். இருக்கட்டும் என்றார். மூன்றாம் முறை கூப்பிட அவனுக்கு முகம் இல்லை.