பதினோரு மணி நேர இரைச்சல்

என் கணவர் நரேந்திரனுக்கு ஹெட்போன் பைத்தியம் பிடித்து மூன்று வாரமாகிறது. விமானத்தில் போகப்போவது நான், காதில் மாட்டப்போவதும் நான். ஆனால் எதில் பேட்டரி அதிக நேரம் வரும், எது காதை அழுத்தாது, எது மடங்கும் என்று பழைய தபால் உறையின் பின்பக்கம் கட்டம் போட்டு எழுதி வைத்திருப்பவர் அவர்தான். இந்தச் சனிக்கிழமை ஆக்லாந்தில் எங்கள் வீடு இருக்கும் ஏவன்டேலிலிருந்து பாலம் தாண்டி ஆல்பனியில் ஒரு ஹெட்போன் கடைவரை என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

எங்கள் மகள் விஷாலினிக்கு அடுத்த மாதம் மலேசியாவில், கிள்ளானில் தலைப்பிரசவம். ஆறு மாதம் கூட இருங்கள் என்கிறாள். எனக்கு மூன்று மாதம் போதும் என்றும் தோன்றுகிறது. திரும்பும் தேதியை டிக்கெட் போடுபவரிடம் இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். என் கணவரிடம் கேட்டால் ஒரே பதில்: "உன் இஷ்டம்." முப்பது வருடம் கூட இருந்தவள் ஆறு மாதம் வீட்டில் இருக்கமாட்டாள் என்றால், ஒரு மனிதருக்கு அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமே இருக்காதா? அது தெரியாமல் எனக்கு விமானம் ஏற மனம் வரவில்லை.

இதே மனிதர் தொண்ணூற்றாறில் கோலாலம்பூரில் விமானம் ஏறியதிலிருந்து ஆக்லாந்தில் இறங்கும்வரை பதினோரு மணி நேரம் வாய் ஓயாமல் பேசினார். நாலு வயது விஷாலினி ஜன்னல் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் வாங்கப்போகும் வீடு, கொல்லையில் நடப்போகும் முருங்கை, எனக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என்று என்னென்னவோ. இஞ்சின் சத்தத்தில் எனக்குப் பாதி கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்த இரைச்சல் எனக்கு ஆகாது, மண்டை பிளந்துவிடும். நான் தவிப்பதைப் பார்த்துவிட்டு என்னைத் தோளில் சாய்த்து, மேல்பக்கக் காதைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு ஊருக்குப் போன ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். கை மரத்துப்போனாலும் எடுக்கமாட்டார். அந்தக் கையின் தைல வாசனையை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வரும். இத்தனை வருடமாக எனக்கு ஹெட்போன் தேவைப்படவில்லை.

போன குளிர்காலத்தில் அவருக்குக் காதில் ஆபரேஷன். ஒரு வருடத்துக்கு விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து பேச்சும் சுருங்கிப்போனது. பேசினால் மட்டும் தெருக்கோடிவரை கேட்கும், அது அவருக்கே தெரியாது.

கடையின் ஒரு மூலையில், சோதித்துப் பார்ப்பதற்காக ஸ்பீக்கரில் விமான இரைச்சலை ஓடவிட்டிருந்தார்கள். விற்பனைப் பெண் என் தலையில் ஒன்றை மாட்டி சுவிட்சைத் தட்டினாள். இரைச்சல் சட்டென்று அடங்கியது.

"நான் பேசறது கேக்குதா?" என்றார் அவர்.

நன்றாகவே கேட்டது. இந்தச் சாதனம் இஞ்சின் உறுமலைத்தான் விழுங்குகிறது, இவர் குரலையெல்லாம் அதனால் விழுங்க முடியவில்லை. ஆனால் மூன்று வார எரிச்சல் எனக்கு. அவர் வாயசைவைப் பார்த்து யூகித்ததுபோல், கேட்கவில்லை என்று தலையாட்டினேன். அவருக்குப் பரம திருப்தி. உறையில் ஒரு டிக் போட்டார்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. விஷாலினிதான். அவர் நகரக்கூட இல்லை, என் பக்கத்திலேயே நின்று பேசினார்.

"அம்மாவுக்குக் கேக்காது விஷா, காதுல மாட்டியிருக்கா. நான் சொன்னேன்னு சொல்லாதம்மா. ஆறு மாசம்லாம் வேணாம். மூணு மாசத்துல அனுப்பி விட்டுரு." அவள் ஏதோ கேட்டாள் போலிருந்தது. "சாப்பாடுலாம் பிரச்சனை இல்ல. காது இப்படி ஆனதுலருந்து தனியா இருக்க பயமா இருக்குலா. அவகிட்ட சொன்னா உன்னையும் பாக்காம அங்க உக்காந்து என்னையே நினைச்சிக்கிட்டு இருப்பா. அதான் சொல்லல."

நான் பெட்டிகள் அடுக்கியிருந்த பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. இந்த மனிதரையா மூன்று வாரமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாகவும் இருந்தது. அவர் பேசி முடித்து என் தோளைத் தட்டும்வரை ஹெட்போனைக் கழற்றவில்லை.

"எப்படி?" என்றார்.

"நல்லா இருக்குங்க. இதையே வாங்கிருவோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "மூணு மாசத்துக்கே டிக்கெட் போட்டுரலாம். பிள்ளைக்கு கழுத்து நின்னதும் வந்துருவேன்."

"ஏன்? அவ ஆறு மாசம்னு கேட்டாளே?"

"உங்கள விட்டுட்டு அவ்ளோ நாள் என்னால இருக்க முடியாது. போதுமா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நல்ல காதை என் பக்கம் கொண்டுவந்தார்.

"சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்லு."

கடையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.