பார்த்தாச்சுன்னு சொல்லு

1
இது கதையாகத் தொடங்கியதல்ல. மூன்று வாரமாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள மகளுக்கு' என்ற முதல் வரியைத் தாண்டவில்லை. சில நாள் அந்த வரியே வரவில்லை. கதையில் யாரையும் விளிக்க வேண்டியதில்லை. வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுபோகும் பழக்கமும் எங்களுக்குக் கிடையாது. ஆகவே படர்க்கையில் எழுதுகிறேன். இனி அந்த அப்பா 'மூத்தவர்'. நான் யாரோ.

2
முதல் தொடக்கம்: 'அந்தக் கணினிக்குப் பதினோரு வயது, அந்த வீட்டைப் போலவே அதுவும் –'

வேண்டாம். இது சுற்றி வளைப்பது.

இரண்டாவது: மனைவி இறந்து ஏழு மாதத்தில் மூத்தவரின் கணினி திணறத் தொடங்கியது. எதைத் திறந்தாலும் உள்ளே கரகரவென்று சத்தம். பழைய ஹார்ட் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது, பெட்டியைக் கொண்டுவாருங்கள் என்றார் கடைக்காரர். மூத்தவர் கொடுக்கவில்லை. அதற்குள் மனைவியின் குரல் இருந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி மாதங்களில் மகளுக்காக அவள் பேசிப் பதிந்த இருபத்திரண்டு பதிவுகள். வேறெங்கும் பிரதி இல்லை. அதை வெளியாள் ஒருவன் கேட்பதா?

(மூத்தவர் கேட்டாரா? முதல் பதிவை மட்டும் கேட்டார். அதில் அவரைப் பற்றி ஒரு வாக்கியம் – அதை இங்கே எழுதமாட்டேன்.)

3
ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மகள் தானே ஒருவனைத் தேர்ந்து மணந்துகொண்டாள். அன்றிலிருந்து மூத்தவர் அவளோடு பேசுவதில்லை. பேசியே ஆகவேண்டியதை அவருடைய தம்பி நடுவில் நின்று வாங்கிக் கொடுப்பான். தாயின் சாவன்றும் ஒரே அறையில் நின்றுகொண்டு இருவரும் அவன் வழியாகத்தான் பேசினார்கள்.*

மகள் கேட்டது ஒன்றே ஒன்று: அம்மாவின் பதிவுகள். தருவதாக மூத்தவர் சொல்லி அனுப்பினார். சொன்னால் சொன்னதுதான்.

* 'இது கொடுமை' என்று எழுதி அடித்தேன். பிறகு அடித்ததை அடித்தேன். எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள்ளுங்கள்.

4
மாற்றாக எஸ்.எஸ்.டி. என்ற புதுவகை டிஸ்க்கை அவரே வாங்கினார். பழையதன் அதே கம்பெனி, அதே அளவு. கம்பெனி மாற்றுகிற ஆளில்லை அவர். உள்ளங்கையில் அடங்கிவிடும் அதைப் பெட்டிக்குள் திருகி, கேபிள்களைச் செருகி, கணினியைப் போட்டார். திரையில் பழையது மட்டும் தெரிந்தது. கழற்றி மாட்டினார். தூசி துடைத்தார். இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் தம்பி, அவரைக் கேட்காமலே மகளுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அவளுக்கு இதுதான் தொழில்.

"சித்தப்பா, கேபிளை போர்டுல வேற இடத்துல செருகிப் பாக்கச் சொல்லுங்க."

"வேற இடத்துல செருகணுமாம்."

"எனக்குக் காது இருக்கு" என்றார் மூத்தவர்.

"அவருக்குக் காது இருக்காம்" என்று தம்பி அதையும் ஒப்பித்தான்.

மகள் சிரித்துவிட்டாள். ஒன்பது ஆண்டில் மூத்தவர் கேட்ட முதல் சிரிப்பு.

புதியதன் கேபிளைக் காலியாக இருந்த முதல் இடத்துக்கு மாற்றினார். புதியது தெரிந்தது. இனிப் பழையதை அப்படியே புதியதில் நகலெடுக்க வேண்டும். அதற்கான நிரலைக் கடைக்காரர் பென் டிரைவில் கொடுத்திருந்தார். எதிலிருந்து நகல் என்று அது கேட்டது. கீழே இரண்டு வரிகள்: ஒரே கம்பெனி, ஒரே அளவு, வால் நுனியில் இருந்த எண் மட்டும் வேறு.

"புது டிஸ்க் மேல அந்த நம்பர் ஒட்டியிருக்கும் சித்தப்பா. அப்பாவை சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. மாத்தித் தொட்டா பழசு அழிஞ்சிடும்."

பெட்டிக்குள் தலையை விட்டு, அவள் கேட்க, பள்ளிப் பிள்ளைபோல எண்களை ஒப்பிக்க வேண்டும்.

"பார்த்தாச்சுன்னு சொல்லு."

தம்பி அவர் முகத்தைப் பார்த்தான். "பார்த்தாச்சாம்."

"நிஜமாவா?"

"அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மூத்தவர் பார்க்கவில்லை. மூத்ததுதான் மேலே நிற்கும் என்று மேல் வரியைத் தொட்டார். மேலே நின்றது புதியது. முதல் இடத்தில் அதைச் செருகியவர் அவரேதான்.

5
நாற்பது நிமிடம் பச்சைக் கோடு ஊர்ந்தது. மகள் ஃபோனை வைக்கவில்லை. அம்மா எப்போது பதிவு செய்வாள், காலையிலா மத்தியானத்திலா, இருமல் இருந்ததா என்று சித்தப்பாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். கோடு நிறைந்தது. கணினியை மறுபடி போட்டார்கள். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மின்னியது. புதியதன் வெறுமையைப் பழையதன்மேல் பிசகில்லாமல் நகலெடுத்திருந்தது நிரல்.

6
முடிவு அ: ஊருக்கு வெளியே ஒரு நிபுணர் பதிவுகளை மீட்டுத் –

பொய். விசாரித்தாகிவிட்டது. மேலே எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான்.

முடிவு ஆ: முதல் பதிவில் இருந்த அந்த ஒரு வாக்கியத்துக்காக மூத்தவர் வேண்டுமென்றே அழித்தார். கதைக்கு இது நன்றாக இருக்கும். ஆனால் அவர் அப்படிப்பட்டவர் அல்ல. (எவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? நேற்றைவிடக் குறைவாக.)

நடந்தது இவ்வளவு. என்ன ஆச்சு என்று மகள் இரண்டு முறை கேட்டாள். மூத்தவர் தம்பியிடம், "டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு சொல்லு" என்றார்.

தம்பி சொல்லவில்லை. ஃபோனை மேசைமேல் வைத்தான். "நீங்களே சொல்லுங்கண்ணே" என்று எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"அப்பா" என்றது ஃபோன்.

அடுத்த வரி மூத்தவருடையது. அதை எட்டு முறை எழுதி எட்டு முறையும் அடித்தேன். ஒன்பதாவதை நீங்கள் எழுதுங்கள். எழுதுமுன் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அவருக்குப் பதிலாகப் பேச அந்த அறையில் வேறு ஆள் இல்லை.