ஆறு கிலோ பால்

மேனேஜர் சாமிநாதன் கூட்டல் மெஷினிலிருந்து கிழித்த காகிதச் சுருளைப் பவானேஸ்வரியின் கீபோர்டு மேல் போட்டபோது மணி பத்தே கால். சுருளின் நுனியில் 642 என்று இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

"நேத்து இருபத்து நாலு பேர் வெட்டின பால். நீ அடிச்சுக் கொடுத்த ரிப்போர்ட்ல ஒவ்வொருத்தர் கிலோவையும் நானே கூட்டிப் பார்த்தேன். அறுநூத்து நாப்பத்திரண்டு. அடியில உன் கம்ப்யூட்டர் போட்ட டோட்டல் அறுநூத்து முப்பத்தாறு. ஆலையில எறங்கினதும் அதே முப்பத்தாறு. மிச்ச ஆறு கிலோ எங்க?"

"நேத்து மட்டுமா சார்?"

"மாசம் பூரா. அஞ்சு, ஆறு, ஏழு. கைத்தப்புன்னா ஒரு நாளாவது கூட வரணும்ல? வரல. தெனமும் குறையுது. தராசுக்கும் லோரிக்கும் நடுவுல நிக்கிறது ஒரே ஆளு."

பெயரை அவர் சொல்லவில்லை. அவர் கையிலிருந்த கடிதம் சொன்னது. பாக்கியசாமி, ரப்பர்ப் பால் நிறுப்பவர். பிற்பகல் இரண்டு மணிக்கு விசாரணை. பதில் திருப்தியாக இல்லையென்றால் வேலை போகும், வேலையோடு வந்த வீடும் போகும்.

சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஆறு கல் உள்ளே இருக்கிற ஆட்லி ரப்பர்த் தோட்டத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அதோடு வந்தவள் பவானேஸ்வரி. தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து கிளம்பி ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மாசக் கடைசியில் சாமிநாதன் கையெழுத்துப் போட்டால்தான் ஆகும். வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு அதுவே போதுமான காரணம். ஆனால் பாக்கியசாமி அங்கிள் பாலைத் திருடுவார் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. கிட்டத்தட்ட நாலு மணி நேரம் இருக்கிறது. போதும்.

முதலில் தன் மேலேயே சந்தேகப்பட்டாள். டோட்டல் கட்டத்தைத் திறந்து பார்த்தாள். முதல் ஆள் முதல் கடைசி ஆள் வரை எல்லா வரிசையும் கூட்டலுக்குள் இருந்தது. ஒளிந்த வரிசை ஏதும் உண்டா? இல்லை. எண் என்று நினைத்து எழுத்தாக ஏதாவது அடித்திருக்கிறாளா? அதுவும் இல்லை. கால்குலேட்டரை எடுத்துத் திரையில் தெரிந்த இருபத்து நாலு எண்களையும் தட்டினாள். 642. மறுபடி தட்டினாள். 642. கம்ப்யூட்டர் அலுங்காமல் 636 என்றது. ஒரே எண்கள், இரண்டு விடை. பதினொன்று அடித்ததும் சைக்கிளை எடுத்தாள்.

பால் ஸ்டோரில் நிறுவை நடந்துகொண்டிருந்தது. அமில வாடை மூக்கில் ஏறியது. வட்டத் தராசுக்குப் பக்கத்தில் பாக்கியசாமி, காதில் பென்சில், கையில் பழுப்பு அட்டை நோட்டு. முனியம்மா வாளியை மாட்டிவிட்டு நகராமல் நின்றாள். பிறகு குனிந்து, கண்ணைச் சுருக்கி, முள்ளைத் தானே பார்த்தாள். இருபது வருஷத்தில் இங்கே யாரும் அப்படிக் குனிந்ததில்லை. அவள் பின்னால் நின்ற வரிசையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"நல்லா பாத்துக்க முனியம்மா," என்றார் பாக்கியசாமி. "கண்ணாடி வேணும்னா என்னோடது தரேன்."

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. ஆபீஸ்ல ஏதோ பேசிக்கிறாங்களாம். வயித்துப் பாடு."

அவர் நோட்டில் எழுதினார். பவானேஸ்வரி கிட்டே போனாள்.

"அங்கிள், நேத்துப் பக்கத்தைக் காட்டுங்க."

"எதுக்கு? வீட்டுக்காரி பிரிஜிட் காலையிலேயே பாத்திரத்த எல்லாம் பெட்டியில அடுக்க ஆரம்பிச்சிட்டா. நீ அடிச்ச தாள வச்சித்தான பாப்பா என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

"அதனாலதான் கேக்கறேன்."

அவர் பென்சிலைக் காதில் செருகினார். நோட்டை நீட்டினார். பிசுபிசுவென்று பால் காய்ந்த விரல் ரேகை பக்கமெங்கும். ராமையா இருபத்தெட்டு. முனியம்மா இருபத்து மூணு, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. குஞ்சம்மா இருபத்தாறு, அதற்கும் கோடு.

"இது என்ன கோடு அங்கிள்?"

"அரை. இந்தத் தராசு அரைக் கிலோ வரைக்கும்தான் காட்டும். முள்ளு பாதியில நின்னா ஒரு கோடு. உனக்கு முன்னாடி கையால எழுதின கணக்குக் கிராணிக்கும் இதே கோடுதான். நீயும் இருபத்து மூணு புள்ளி அஞ்சுன்னுதான அடிக்கிற?"

ஆமாம், அடிக்கிறாள். தினமும் அடிக்கிறாள். பிறகு ஏன் நேற்றைய தாளில் முனியம்மாவுக்கு 24 என்று இருந்தது?

நின்ற இடத்திலேயே கோடுகளை எண்ணினாள். பன்னிரண்டு. பன்னிரண்டு அரை, ஆறு கிலோ.

நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் மிதித்த மிதியில் சைக்கிள் சங்கிலி கழன்று விழவில்லை என்பதே ஆச்சரியம். ஆபீஸில் உட்கார்ந்து மற்ற நாட்களை எடுத்தாள். திங்கள், பத்துக் கோடு, ஐந்து கிலோ. வெள்ளி, பதினாலு, ஏழு. பொருந்தியது. சனிக்கிழமை உதைத்தது. பதினொரு கோடு, ஐந்தரை கிலோ வித்தியாசம் வரவேண்டும், ஐந்துதான் வந்தது. அரைக் கிலோ எங்கே? உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டிலிருந்த சனிக்கிழமை எடைகளைக் கோடுகளோடு சேர்த்துக் கால்குலேட்டரில் கூட்டினாள். தாளில் 619. நோட்டுப்படி 618.5. டோட்டலும் தன் பங்குக்கு ஓர் அரையை ஏற்றிக் காட்டியிருந்தது.

அப்போதுதான் அந்த முதல் வாரம் ஞாபகம் வந்தது. கிலோப் பத்தி ஒடுங்கலாக இருந்ததால் எண்களுக்குப் பதில் கட்டம் கட்டமாக #### என்று வேலிக்குறி வந்து நின்றது. பத்தியை அகலமாக்கினால் தாள் இரண்டு பக்கம் போகும். சாமிநாதனுக்கு ஒரே பக்கம் வேண்டும். புள்ளிக்குப் பின்னால் வருவதை மறைக்கிற பொத்தானை அவள்தான் அழுத்தினாள். வேலிக்குறி மறைந்தது. அழகாக இருந்தது. உள்ளே 23.5 அப்படியே கிடக்க, வெளியே 24 என்று காட்டியது. கம்ப்யூட்டர் உள்ளே இருப்பதைக் கூட்டியது. மனுஷன் வெளியே தெரிந்ததைக் கூட்டினார். அரை எப்போதும் மேலேதான் ஏறும், அதனால்தான் ஒரு நாளும் மாறி வரவில்லை.

திருடனே இல்லை. இருந்தது ஒரு பொத்தான். அழுத்தியது அவள் விரல்.

ஒன்றரை மணிக்குச் சாமிநாதன் அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தபடி முழுவதையும் கேட்டார். நெற்றியைத் தேய்த்தார்.

"சரி. ரவுண்ட் பண்ணுற கணக்கு ஒண்ணு இருக்குல்ல எக்செல்ல? ஒவ்வொருத்தருக்கும் அதைப் போட்டு முழு எண்ணாவே ஆக்கிடு. மேலயும் கீழயும் அறுநூத்து நாப்பத்திரண்டு. டேலி ஆயிரும். யாரும் உன்னை ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

வழி நன்றாகத்தான் இருந்தது. அவள் விரல் கீபோர்டு வரை போனது. அங்கேயே நின்றது.

"தாள் டேலி ஆகும் சார். ஆலைச் சீட்டு முப்பத்தாறுதான. அப்ப ஆறு கிலோவ அங்கிள் எடுத்ததா எழுத்துலயே ஆயிரும்."

"பவானி, மலாக்கா ஹெட் ஆபீசுக்கு அஞ்சு மாசமா தப்பு ரிப்போர்ட் போயிருக்கு. இன்னும் நிரந்தரம் ஆகாத பொண்ணு. யோசிச்சுப் பேசு."

"யோசிச்சிட்டேன் சார். நான் மறைச்சத நானே எடுக்கறேன். ரெண்டு பக்கம் ஆனா ஆகட்டும்."

பத்தியை இழுத்து அகலமாக்கினாள். பொத்தானை ஒரு முறை அழுத்தினாள். மேலிருந்து கீழ் வரை .5, .0, .5, .5 என்று இறங்கியது. ஐந்து மாதமாக இருட்டில் கிடந்தவை. கீழே 636.0. கதவருகே பாக்கியசாமி தொப்பியைக் கையில் பிடித்தபடி எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார். உள்ளே வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, திரையில் விரல் படாமல் ஒவ்வொரு வரிசையாகத் தன் நோட்டோடு ஒத்துப் பார்த்தார். இருபத்து நாலும். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

"அப்ப அந்த ஆறு கிலோ?" என்றார் கடைசியில்.

"அது இல்லவே இல்ல அங்கிள். மன்னிச்சிக்குங்க. தப்பு என்னோடது."

"வெட்டாத பாலு," என்றார் அவர். சிரிப்பு வரவில்லை. "அதுக்கா பிரிஜிட் பெட்டி கட்டினா."

சாமிநாதன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். பவானேஸ்வரி எழுதினாள். 'நான்' என்று ஆரம்பித்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஆபீஸ் வேலையாக இல்லாமலேயே ஸ்டோருக்குப் போனாள். சங்கதி லயம் முழுக்கப் பரவியிருந்தது. இருந்தும் வரிசையில் பேச்சில்லை. முனியம்மா வாளியை மாட்டினாள். குனியலாமா வேண்டாமா என்று புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். பாக்கியசாமி காதிலிருந்து பென்சிலை எடுத்தார். தராசின் முகத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு ஓர் அடி விலகி நின்றார். வாளியில் பால் தளும்பியது. இருபத்து மூன்றுக்கும் இருபத்து நாலுக்கும் நடுவில் முள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.