திரும்பி வழிந்த ரத்தம்

முடிதிருத்துபவரின் இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண். நாள் முழுக்க நாற்காலியைச் சுற்றி நின்றே வேலை செய்கிற கால் அது. ஆறுவதுபோல் போக்குக் காட்டிவிட்டு மறுபடி வாய் பிளந்துவிடும். வருஷக்கணக்கில் களிம்பு போட்டுச் சலித்தாயிற்று. தினமும் கட்டுப் பிரித்துக் கழுவுகிற மனைவி, "உங்களைவிட இந்தப் புண்ணோடதான் நான் அதிகமா குடும்பம் நடத்துறேன்" என்பாள். அவரும் சிரிப்பார். ஆனால் வாடை வாடிக்கையாளர் மூக்குக்கு எட்டிவிடுமோ என்று கடையில் உள்ளுக்குள் குன்றிப்போவார்.

அவள்தான் ஒற்றைக்காலில் நின்று அவரை ரத்தக்குழாய் மருத்துவரிடம் இழுத்துப் போனாள். அந்த அம்மா புண்ணைப் பார்த்தார், பாதத்தில் நாடி பார்த்தார். பிறகு அவரை நிற்கவைத்துத் தொடையில் ஸ்கேன் கருவியை வைத்தார்.

"புண்ணு கீழ இருக்கு, நீங்க மேல தேடுறீங்களே டாக்டர்?"

"காரணம் இங்க இருக்குங்க. திரையைப் பாருங்க."

கெண்டைக்காலை அழுத்தினார். திரையில் ஒரு நீல ஓட்டம் விறுவிறுவென்று மேலே போயிற்று. கையை எடுத்ததும் அது சிவப்பாகித் திரும்பி வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது.

"நீலம் மேல போற ரத்தம். சிவப்பு திரும்பி இறங்குறது. தடுக்கிற வால்வு கெட்டுப்போச்சு. ரத்தம் கால்லயே தேங்கினா புண்ணு எப்படி ஆறும்?"

முடிதிருத்துபவர் திரைப் பக்கம் குனிந்து பார்த்தார். அவருக்குத் தெரியாமல் அவருக்குள்ளேயே ஓர் ஆறு திசைமாறி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த வாரம் சிகிச்சை. தொடையை மட்டும் மரக்கச் செய்தார்கள். கெட்டுப்போன குழாயைச் சூட்டால் மூடுவதற்காக, முழங்காலருகே ஊசித் துளை வழியாக ஒரு லேசர் இழை உள்ளே போனது.

"இந்தக் குழாயை மூடிட்டா ரத்தம் எப்படிப் போகும்?"

"ஆழத்துல நல்ல குழாய் இருக்கு. அது பாத்துக்கும்."

இழையை மெல்ல மெல்லப் பின்னால் இழுக்க, அது கடந்துவந்த இடமெல்லாம் குழாய் சுருங்கி ஒட்டிக்கொண்டது. விழித்த கண் விழித்தபடி திரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கத்தி படவில்லை, தையல் போடவில்லை. முடிந்ததும் காலை இறுகக் கட்டி, "எழுந்து நடங்க" என்றார்கள். நடந்தார். கூடவே வந்த மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் புண் சிறுத்திருந்தது. முதலில் நீர் வடிவது நின்றது. அப்புறம் ஓரங்களிலிருந்து இளஞ்சிவப்பாய்த் தோல் ஊர்ந்து வந்தது. யாரும் அதை இழுத்து மூடவில்லை, தானாகவே வந்தது.

ஒரு காலையில் மனைவி கட்டைப் பிரித்தாள். கழுவ ஒன்றுமில்லை. விரல் நுனியால் அந்தப் புதுத் தோலைத் தொட்டாள்.

"வலிக்குதா?"

"இல்ல. கூசுது."

அவள் கையை எடுக்கவில்லை. வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. கடை திறக்கிற நேரம் தாண்டிவிட்டது. இருவரும் தலை குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.