காதுக்கட்டு

ஊரார் முகத்தையெல்லாம் திருத்தத் தெரிந்த பியூட்டி பார்லர்காரிக்கு, பெற்ற மகளின் காதுதான் கைக்கு அடங்கவில்லை. இரண்டும் முறம் மாதிரி முன்னால் விரிந்து நின்றன.

"ஊருக்கெல்லாம் அழகு பண்றே, வீட்டுல இருக்கறத விட்டுட்டியேக்கா!" என்று எதிர்க்கடை டெய்லரம்மா வாடிக்கையாளர்கள் முன்னால் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பு முள்ளாகத் தைத்தது.

காலேஜ் லீவு விட்டதும் மகளை ஓசைப்படாமல் அழைத்துப்போய், காதைப் பின்னால் படியவைக்கும் ஆபரேஷனை முடித்துவிட்டாள். தெருவுக்கு, "கடவாய்ப் பல் பிடுங்கியிருக்கு" என்று ஒரு கதை. தெருவும் நம்பியதுபோலத் தலையாட்டியது.

தலையைச் சுற்றிக் கட்டுப் போட்ட டாக்டர் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பினார்: "கட்டைத் தொடக் கூடாது. வலி கூடினா உடனே வாங்க."

பார்லர்காரிக்கோ தொழில் புத்தி. முகப்பூச்சு இறுக வேண்டும், கொண்டை இறுக வேண்டும். தளர்ந்தால் வேலை கெட்டது. கட்டு சற்று நெகிழ்ந்தது கண்ணில் பட்டதுமே, ஃபேஷியலுக்குப் போடும் எலாஸ்டிக் பட்டையை அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டிவிட்டாள்.

"அம்மா, விண்ணு விண்ணுன்னு தெறிக்குதும்மா."

"காது படியுதுடி. வலிக்காம எப்படிப் படியும்?"

"டாக்டர்கிட்ட போலாமா?"

"தலையில கட்டோட தெருவுல நடந்தா அந்த டெய்லர் சும்மா இருப்பாளா? பல்லைக் கடிச்சுக்கோ."

பெண் பார்லரின் திரைக்குப் பின்னாலிருந்த அறையில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள். அங்கிருந்து முனகல் கேட்டபோதெல்லாம் அம்மாக்காரி பாட்டுச் சத்தத்தைக் கூட்டினாள்.

ஒருநாள், புருவம் திருத்த வந்த பேங்க்காரம்மா மூக்கைச் சுளித்தாள். "என்னங்க வாடை? எலி கிலி செத்துக் கிடக்கா?"

"கிரீம் கெட்டுப்போச்சுங்க" என்ற பார்லர்காரிக்கு, வாடை திரைக்குப் பின்னாலிருந்து வருவது அப்போதுதான் உறைத்தது. பேங்க்காரம்மாவை அரைப் புருவத்தோடு விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். மகளின் உடம்பு அனலாய்க் கொதித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்தார். இடது காது வீங்கிச் சிவந்திருந்தது. வலது காது கறுத்துப்போயிருந்தது.

"குருத்தெலும்பு செத்துப்போச்சு. வெட்டி எடுத்தாகணும். யார் இதை இப்படி இறுக்கினது?"

பார்லர்காரி கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினாள். மகள் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான் இறுக்கினேன், டாக்டர். சீக்கிரம் படியட்டும்னு."

"படிச்ச பொண்ணுதானே நீ? அறிவு வேணாம்?" டாக்டர் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

இப்போதாவது அம்மாக்காரி குறுக்கே விழுந்திருக்கலாம். குழாயடி முதல் மொட்டைமாடி வரை நியாயம் பேசுகிற வாய் அது.

"ஆமாங்க டாக்டர், சொன்னா எங்க கேக்குறா" என்றது அந்த வாய்.

மகள் அதற்குப்பின் அம்மா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது நர்ஸ் குனிந்து, "கூட வந்திருக்கிறது யாரும்மா?" என்று கேட்டாள்.

"யாரும் வரல" என்றாள் மகள்.