உறையின் பின்பக்கம்

காலையில் எழுந்ததும் கெட்டிலை அடுப்பில் வைப்பேன். சுரைக்குடுவையில் முக்கால் பங்கு, வெந்நீர் ஊற்றி உறிஞ்சிக் குடிக்கும் மாத்தே இலைத்தூளைப் போட்டு, சாய்த்துப் பிடித்து, உலோகக் குழலைச் செருகுவேன். கெட்டில் முனகத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். கொதிக்கக் கூடாது. முதல் குடுவை கசக்கும். அது போடுகிறவனுக்கு. குடிப்பேன். இரண்டாவதை ஊற்றி மேசையின் எதிர்ப்பக்கம் தள்ளுவேன். பிறகு கையை நீட்டி அதையும் எடுத்துக் குடிப்பேன்.

அடுத்தது கைப்பேசி. இணைய ஏலங்களைப் பார்ப்பேன். வாங்குவதற்கு அல்ல. கிராசியானா பார்ப்பாள், அந்தப் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. ஏலக்கூடங்களுக்காகப் பழங்கத்திகளைப் பரிசோதித்துக் குறிப்பு எழுதுவது என் மனைவியின் வேலை. படம் எடுப்பது என் வேலை. கோடையின் கடைசியில் அவள் இறந்துபோனாள். இப்போது எங்கள் ஊர் மொன்தேவிதேயோவில் குளிர்காலம். விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுக்கிறேன்.

அன்று ஏலக்காரர் ஒலாஸ்கோகாவின் இணையப் பக்கத்தில் ஒரு ஃபகோன் வந்திருந்தது. மாட்டுக்காரக் காவ்ச்சோக்கள் இடுப்பில் செருகும் நீளக் கத்தி. வெள்ளி உறை, வெள்ளைக் கைப்பிடி. விவரத்தில் ‘தந்தம்’ என்ற சொல் இல்லை. அந்தச் சொல்லைப் போட்டால் தளம் விளம்பரத்தையே தூக்கிவிடும். ஆகவே எல்லோரும் ‘உயர்ந்த வெண்பொருள்’ என்று எழுதுவார்கள். வாங்குகிறவன் தந்தம் என்று வாசித்துக்கொள்வான். நாளை போலி என்று தெரிந்தால், நாங்கள் எப்போது தந்தம் என்றோம் என்று கையை விரித்துவிடலாம்.

அதற்குக் கீழே இன்னொரு வரி: ‘காலஞ்சென்ற நிபுணர் கிராசியானா எச்சார்ட் பார்த்து உறுதிசெய்தது.’

அந்தக் கத்தியைப் போன வருடம் நான்தான் படம் எடுத்தேன். அவள் ஒரே பார்வையில் ஒதுக்கித் தள்ளிய கத்தி.

குடுவையை அப்படியே வைத்தேன். அவள் மேசையில் தக்கையில் குத்தியிருந்த தையல் ஊசியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஒலாஸ்கோகாவின் ஏலக்கூடத்தில் பொருட்களை நேரில் பார்க்க அனுமதிக்கும் நாள் அது. கூட்டம் இல்லை. எல்லோரும் வீட்டிலிருந்தே ஏலம் கேட்கிறார்கள். ஒலாஸ்கோகா கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தி, ஒவ்வொரு பொருளாக நேரலையில் காட்டிக்கொண்டிருந்தார். எதிரே துராஸ்னோ ஊர்ப் பண்ணைக்காரி நெலிதா பெருத்தி, பற்றவைக்காத சிகரெட்டுடன். கிராசியானாவின் குறிப்பு இல்லாமல் எதையும் வாங்காதவர்.

“வா இமானோல்! இப்பத்தான் உன் பொண்டாட்டி பேரைச் சொல்லிக்கிட்டிருந்தோம்,” என்றார் ஒலாஸ்கோகா.

“அதுக்குத்தான் வந்தேன். அவ பேரை எடுங்க.”

“எதுக்குப்பா? மரியாதைக்குப் போட்டது.”

“அவ இதை வேணாம்னு சொன்னா.”

“மொதல்ல சொன்னா. அப்புறம் நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘அந்த ஃபகோன் நல்லதுதான், நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்’னா. பாவம், அதுதான் அவ கடைசி வார்த்தை.” கைப்பேசியைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

அவர் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. மலர்வளையம் அனுப்பினார். அதிலும் அவள் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.

கத்தியை எடுத்தேன்.

“ஏய், கையுறை போட்டுக்கோ!”

“உங்க கத்திக்கா?”

நெலிதா சிரித்துவிட்டார். “விடுங்க தோன் ஒலாஸ்கோகா, பார்க்கட்டும். பார்க்குறதுக்குத்தானே வெச்சிருக்கீங்க.”

கிராசியானா முதலில் கைப்பிடியைப் பார்க்க மாட்டாள். உறையைத் திருப்புவாள். காவ்ச்சோ கத்தியை முதுகுப்பக்கம் இடுப்பில் குறுக்காகச் செருகுவான். உறையின் பின்பக்கம் வாரில் உரசி உரசி மழுங்கிவிடும். முன்பக்கப் பூவேலை கூராகவே நிற்கும். இதில் முன்பக்கப் பூக்கள்தான் மழுங்கியிருந்தன. பின்பக்கம் நேற்று கடையில் வாங்கிய கரண்டி போல இருந்தது. செய்தவன் படத்தில் தெரியும் பக்கத்தை மட்டும் தேய்த்துப் பழசாக்கியிருக்கிறான்.

“தோன்யா நெலிதா, இதை யாரு கட்டியிருந்தாலும் முன்பக்கத்தை உடம்போட ஒட்டித்தான் கட்டியிருக்கணும். உங்க பண்ணையில யாராவது அப்படிக் கட்டுவாங்களா?”

அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “அப்படிக் கட்டினா குதிரை ஏறுன முதல் நாளே கழண்டு விழுந்துரும்,” என்றார் மெதுவாக.

“கைப்பிடி நுனியைப் பாருங்க. தந்தம்னா கோடெல்லாம் வலை மாதிரி ஒண்ணையொண்ணு வெட்டிக்கிட்டுப் போகும். இதுல காகிதக் கட்டு ஓரம் மாதிரி நேரா இருக்கு.”

“நான் எங்கய்யா தந்தம்னு சொன்னேன்?” ஒலாஸ்கோகாவின் குரல் உயர்ந்தது. “எழுத்தைப் படி! வெண்பொருள். வெள்ளையா இருக்கா இல்லையா?”

“நீங்க சொல்லலை. செத்தவளைச் சொல்ல வெச்சிட்டீங்க.”

“கத்தாதே, லைவ் ஓடுது.”

“தெரியும். தோன்யா, லைட்டர் கொடுங்க.”

ஊசிச் சோதனை கண் இல்லாதவர்களுக்கு என்பாள் கிராசியானா. தாங்கியில் நின்ற அந்தக் கைப்பேசிக்கும் கண் இல்லை. காட்டியதை மட்டும் பார்த்தது. ஊசியின் காதைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்து, முனை சிவக்கும்வரை சூடாக்கினேன். ஒலாஸ்கோகா என் மணிக்கட்டைப் பிடித்தார். தட்டிவிட்டேன். அவர் நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு என் அப்பா வயது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

கைப்பிடியை லென்ஸுக்கு அருகே பிடித்து ஊசியை வைத்தேன். தந்தமாக இருந்தால் முனை உள்ளே இறங்காது. பல் டாக்டர் அறை போல நாறும். ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. எரிந்த பிளாஸ்டிக் வாளியின் நாற்றம்.

“இதை வாங்குறதா இருந்தவங்க வாங்கிக்கோங்க,” என்றேன் கைப்பேசியிடம். “ஆனா கிராசியானா எச்சார்ட் இதை உறுதிசெய்யலை. உயிரோட இருந்தப்பவும் செய்யலை, சாகும்போதும் செய்யலை.”

திரையில் ஏலக் கேள்விகள் நின்றுபோயின. யாரோ சிரிப்புப் பொம்மைகளை வரிசையாக அனுப்பினார்கள்.

“பேரை எடுத்துடறேன். போதுமா? போய்த் தொலை,” என்றார் ஒலாஸ்கோகா.

“இப்பவே எடுங்க. பார்த்துட்டுப் போறேன்.”

நெலிதா நகரவில்லை. “நானும் பார்த்துட்டுத்தான் போவேன் தோன். அவ பேரை நம்பி வாங்குன மத்ததையும் இனிமே ஊசியோடதான் பார்க்கணும் போலிருக்கு. அதுக்கும் நீங்கதான் காரணம்.”

ஒலாஸ்கோகா அந்த வரியை அழித்தார். சின்னத் திரையில் அதைத் தேடிப் பிடிக்க நேரம் எடுத்தது. நான் உதவவில்லை.

வாசலில் நெலிதா சிகரெட்டைப் பற்றவைத்தார். “கடைசியா நெசமாவே என்னப்பா சொன்னா?”

லைட்டரைக் கேட்டு வாங்கியவன் அதற்குப் பதில் சொல்லியிருக்கலாம். பேருந்து நிறுத்தம் பக்கம் நடந்தேன்.

அவள் இறந்த அன்று காலை ஆஸ்பத்திரிக்குப் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோயிருந்தேன். போன் வந்துகொண்டே இருந்ததால் கெட்டிலைக் கவனிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து குடுவையை நிறைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் உறிஞ்சினாள். முகத்தைச் சுளித்தாள். குடுவையை என் கையிலேயே திருப்பித் தந்தாள்.

“கொதிக்க விட்டுட்டே. கொட்டிடு.”